ட்ரிப் சுவிட்சைத் தூங்கவைத்த என் மகனுக்கு

அன்புள்ள மகனே,

இந்தத் தொடக்கத்தைப் பார்த்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் மாமாமாரும் சித்திமாரும் குழம்பக்கூடும் என்பதால் முதலில் ஒரு விளக்கம். இதை எழுதுவது வெள்ளவத்தை வீட்டின் கடைக்குட்டி, ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிற மகள். எழுதப்படுவது என் அப்பாவுக்கு. நேற்றுப் பின்னேரம் அவர் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தபடி, நான் சொன்ன ஒரு விஷயத்தை ஒரு காதாலும் வாங்காமல், "நீ என்ன எனக்கு அம்மாவோ, புத்தி சொல்ல?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். அந்தப் பதவி கனகாலமாக வெற்றிடமாக இருக்கிறது. விண்ணப்பித்தவள் நான் ஒருத்திதான். ஆகவே இன்று காலை நானே என்னை நியமித்துக்கொண்டேன். நேரில் சொன்னால் கேட்காத பிள்ளைக்குத் தாய் கடிதம்தான் எழுத வேண்டும். தனியாக அனுப்பினால் இரண்டு நீல டிக் விழுவதோடு கதை முடிந்துவிடும். எனவே எல்லோருக்கும் தெரியவே எழுதுகிறேன்.

ஒரு சிறு சிக்கல். மகனை 'நீ' என்றுதான் எழுத வேண்டும், கை வரவில்லை. 'நீங்கள்' என்று எழுதினால் தாயின் மிடுக்குப் போய்விடும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் நிற்கிற 'நீர்'. நீரும் மின்சாரமும் ஒன்று சேரக்கூடாது என்பதுதான் கடிதத்தின் விஷயம் என்பதால், பொருத்தமாகவும் இருக்கிறது.

மகனே, உம்மைப் போலக் கவனமான பிள்ளையை இந்தக் கொழும்பிலேயே காண முடியாது. கொதித்து ஆறாத தண்ணீரை நீர் வாயில் வைக்கமாட்டீர். மழைத்தூறல் என்றால் காதுக்குப் பஞ்சு. எங்கள் ஒழுங்கையின் முடிவில் தண்டவாளத்துக்கு அப்பால் கடல் இருக்கிறது. இத்தனை வருடத்தில் அதில் என் கணுக்கால் நனைய நீர் விட்டதில்லை. வாகனம் ஓயாத காலி வீதியில் மஞ்சள் கோட்டில் கடக்கும்போது இப்போதும் என் கையைப் பிடிக்கிறீர், பஸ்ஸில் இருக்கிற என் வகுப்புப் பெடியன்கள் பார்க்கப் பார்க்க. வேலையோ காப்புறுதிக் கம்பனியில். அதுவும் எரிந்த கடைகளுக்கும் எரிந்த வீடுகளுக்கும் நட்டஈடு கொடுப்பதா இல்லையா என்று பார்க்கிற பிரிவில். சாப்பாட்டு மேசையில் இருந்து, "பழைய வயரிங். ஒரு பொயின்றில நாலு பிளக் குத்தி வைச்சிருக்கினம். படிச்ச சனம், மடையள்" என்று நீர் தலையில் அடித்துக்கொள்வதை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அப்படி அடித்துக்கொண்ட கையோடு எழும்பி, நீல இறப்பர் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, ஃபிரிட்ஜைத் திறந்து தயிரை எடுப்பீர்.

அந்தச் செருப்புக்கு வருவோம். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லா வீடுகளிலும் போல வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். உள்ளே வந்த பிறகு நாங்கள் வேறு செருப்பைக் கொடுப்போம். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு நீலச் சோடி, பின் விறாந்தையில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைச் சோடி. வெறுங்காலோடு தொடாதே, ஈரக் கையால் திறவாதே, அயன் போட்டால் கிரைண்டரைப் போடாதே, ஹீட்டரை நிப்பாட்டிவிட்டுத்தான் பைப்பைத் திற. நான் இவற்றைத் தேவாரத்தோடு சேர்த்துப் பாடமாக்கியவள். மற்ற வீடுகளில் ஃபிரிட்ஜுக்குள் இருக்கிற சாமான் குளிரும். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜைத் திறக்கிற ஆளும் நடுங்கும். இதற்குக் காரணம் பேய் இல்லை. சுவரில் இருப்பது வெள்ளைக்காரன் காலத்து உருண்டைத் துளைப் பொயின்ற். சாமான்களின் பிளக்குக்குச் சதுரக் கால். இடையில் ஒரு அடப்டர், அதன் முதுகில் ஒரு மல்டி பிளக். பிளக்கின் மூன்றாவது கால், கசிகிற கரண்டை எர்த் கம்பி வழியாக மண்ணுக்கு அனுப்ப வேண்டிய அந்தக் கால், எங்கள் வீட்டில் எங்கும் போய்ச் சேராது. எர்த் கம்பி இல்லாத வீட்டில், வெறுங்காலோடு நிலத்தில் நிற்கிற ஆள்தான் எர்த் கம்பி. நான் ஃபிரிட்ஜில், "தொடுமுன் பாதணி அணியவும். மீறுவோர் பிரகாசிப்பர்" என்று எழுதி ஒட்டியபோது எல்லோரும் சிரித்தீர்கள். நீரும் சிரித்தீர். நான் பகிடிக்கு எழுதவில்லை. பகிடியாக எழுதினேன், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நடுவில் இந்த வீட்டில் ஒரே ஒரு பொறுப்பான ஆள் இருந்தது. மெயின் பெட்டிக்குள் இருந்த ட்ரிப் சுவிட்ச். அம்மா ஒருமுறை கிரைண்டரில் நல்லாகக் கரண்ட் அடி வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு நீரே புதிதாக வாங்கிப் பூட்டுவித்தது. அதற்காக உம்மை மெச்சுகிறேன். கரண்ட் தான் போக வேண்டிய வழியால் போகாமல் ஓர் ஆளுக்குள்ளாலோ ஈரச் சுவருக்குள்ளாலோ நழுவினால், கண் இமைக்க முன்னர் முழு வீட்டையும் நிறுத்திவிடும். மழைக்காலத்தில் சுவர் ஊறும். அப்போது அது அடிக்கடி விழும். நீர் அதைக் குறை என்றீர். அது குறை இல்லை மகனே, முறைப்பாடு. "உன் சுவருக்குள் வயர் உக்கிப்போய்க் கிடக்கிறது" என்று தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் அது கத்தியது. நீர் ஒவ்வொரு தரமும் போய் அதன் தலையைத் தட்டித் தூக்கிவிட்டு வந்தீர்.

பிறகு அண்ணாவுக்குச் சம்பந்தம் பேசக் கொட்டாஞ்சேனையிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். நல்ல மழை. நீர் பட்டு வேட்டியில். உம்முடைய அக்கா, எங்கள் பெரியத்தை, விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணி போடக் கேத்தலைச் செருகினா. டப். வீடு இருண்டது, ஃபான் நின்றது, வடையோடு போன எல்லாக் கைகளும் பாதி வழியில் நின்றன. "இஞ்சால இப்ப அடிக்கடி கரண்ட் கட் தான்" என்று நீர் சிரித்தீர். அந்த நேரம் பார்த்து முன் வீட்டு ரீவியில் சீரியல் பாட்டு ஓங்கி ஒலித்தது. இப்போது என் அண்ணியாக இருப்பவரின் அப்பா ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "முன் வீட்டில மட்டும் வந்திட்டுது போல" என்றார். "ஓம், அவையிட்ட ஜெனரேற்றர் இருக்கு" என்றீர், கொஞ்சமும் முகம் சுளிக்காமல். முன் வீட்டில் ஜெனரேற்றர் வைக்கிற அளவுக்கு இடம் இருந்திருந்தால் அந்த இடத்தை அவர்கள் எப்போதோ வாடகைக்கு விட்டிருப்பார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன். பெரியத்தை சிரிக்கவில்லை. அவர்கள் போனதும் வந்து உம்மைப் பிடித்தா.

"தம்பி, சம்பந்தம் பேசேக்க விளக்கு நூந்தது எனக்கு வடிவாப் படேல்ல. பொன்னுருக்கலிலையும் இப்பிடி நூந்தால் என்ன செய்யப் போறாய்? ஊர்ச் சனம் என்னெண்டு கதைக்கும்?"

ஊர்ச் சனம். அது ஒன்று போதும் உமக்கு. கடலுக்கும் பஸ்ஸுக்கும் பச்சைத் தண்ணிக்கும் பயந்த என் மகன், அவை எல்லாவற்றையும் விடப் பயப்படுவது அதற்குத்தான்.

அடுத்த நாளே வயரிங் வேலை செய்கிற சிங்கள பாஸ் வந்தார். நான் படியில் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். "மாத்தயா, இது கழட்டி நேரா குடுத்தா விழாது. ஆனா கல்யாணம் முடிஞ்ச உடனே திரும்ப போடணும், ஹொந்தே, சரியா?" என்றார். "ஓம் ஓம், அடுத்த நாளே கூப்பிடுறன்" என்றீர். ட்ரிப் சுவிட்ச் பெட்டிக்குள்ளேயேதான் இருக்கிறது. ஆனால் கரண்ட் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. பார்ப்பவனுக்குக் காவல்காரன் கதிரையில் இருக்கிறான். கிட்டப் போனால் குறட்டை கேட்கும்.

பொன்னுருக்கல் அருமையாக நடந்தது, மறுக்கவில்லை. நிறைகுடம், குத்துவிளக்கு, தட்டத்தில் வெற்றிலை, பட்டு வேட்டியில் விறைத்துப்போன அண்ணா. ஆசாரியார் தாலிக்கான பொன்னை உருக்க, அது சின்ன மஞ்சள் கண் போலத் திரண்டு நின்றது. வெளியில் மழை கொட்டியது. ஒரு பல்ப் கூட இமைக்கவில்லை. பெரியத்தையின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. நான் மட்டும் கூடம் நிறைய இருந்த கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் வெறுங்கால். பின் விறாந்தையில் தேத்தண்ணிக் கோப்பை கழுவியவர்களுடையதும் வெறுங்கால், ஈரச் சீமெந்து. அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் எங்களைப் பிடித்த சனியன். ஒன்றும் நடக்காததால் நீர் செய்தது சரி என்று ஆகிவிட்டது.

அண்ணி வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள் நீர் இன்னொன்று செய்தீர். என் அறிவித்தலை ஃபிரிட்ஜில் இருந்து கிழித்தீர். நீலச் செருப்பும் பச்சைச் செருப்பும் கட்டிலுக்குக் கீழே போயின. "வந்த பிள்ளைக்கு முதல் கிழமையே வீட்டுக் குறை சொல்லாதேங்கோ. வெள்ளவத்தை வீடெண்டு மதிச்சுத்தான் பிள்ளை தந்திருக்கினம். கொட்டாஞ்சேனை ஆக்கள் என்ன நினைப்பினம்?" உம் உத்தரவு. நாங்களும் வாயை மூடினோம். ட்ரிப்பையும் செருப்பையும், இந்த வீட்டின் இரண்டு காவல்காரரையும், ஒரே கல்யாணத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒன்றும் தெரியாத ஒரு பெண்ணை ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தீர்.

நேற்று என்ன நடந்தது என்று உமக்குச் சொன்னேன். நீர் பேப்பரைத் திருப்பினீர். ஆகவே, குழுவில் உள்ள எல்லோருக்குமாகத் திரும்பவும் சொல்கிறேன். பௌர்ணமிப் போயா விடுமுறை, நீரும் அம்மாவும் அண்ணாவும் கோயிலுக்குப் போய்விட்டீர்கள். அண்ணி தலை முழுகிவிட்டு, ஈரக் காலோடு, தன்னுடைய சீலையை மெஷினில் போடப் பின் விறாந்தைக்குப் போனா. நான் முன் அறையில் பௌதிகவியல் புத்தகத்தின் மேல் நித்திரை. என்னை எழுப்பியது ஒரு சத்தம். காப்புகளின் சத்தம். கல்யாணக் காப்புகள் தகரத்தில் படபடவென்று, நிறுத்தாமல், யாரோ அவசரமாகக் கதவு தட்டுவது போல. ஓடிப்போனேன். அண்ணியின் கை மெஷின் மூடியில். எடுக்க முடியவில்லை. வாய் திறந்திருக்கிறது, குரல் வரவில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது. அந்தக் கையைப் பிடித்து இழுக்கத்தான் எனக்கு முதலில் வந்தது. இழுத்திருந்தால் நேற்றுப் பின்னேரம் உம்மோடு கதைக்க இரண்டு பேரும் இருந்திருக்கமாட்டோம். விளக்குமாற்றுப் பிடியால் சுவர்ச் சுவிட்சை அடித்தேன். முதல் அடி பிசகியது. இரண்டாவதில் விழுந்தது. அண்ணியும் விழுந்தா.

ட்ரிப் விழவில்லை. அது எப்படி விழும்? வீட்டில் எல்லா லைட்டும் ஒழுங்காக எரிந்தன. பெரியத்தை பார்த்திருந்தால் நல்ல சகுனம் என்றிருப்பா.

அண்ணி சுவரில் சாய்ந்து இருந்தபடி முதலில் என்ன சொன்னா தெரியுமா? "நான் ஏதோ பிழையா அமத்திப்போட்டன் போல. மாமாவுக்குச் சொல்லாதையும், ப்ளீஸ். வந்த உடன மெஷினைப் பழுதாக்கிப்போட்டன் எண்டு நினைப்பார்." கை விறைத்து, விரல் மடங்கவில்லை, அவவின் கவலை உம்முடைய மெஷின். நீர் கொட்டாஞ்சேனை என்ன நினைக்கும் என்று பயந்து அவவுக்கு ஒளித்தீர். அவ வெள்ளவத்தை என்ன நினைக்கும் என்று பயந்து உமக்கு ஒளிக்கப் பார்த்தா. இரண்டு பேரின் மரியாதைக்கும் நடுவில் ஓர் உயிர் போயிருக்கும். அவவின் கையில் காப்பு இருக்கிறது, மகனே. உறுதிதான் இல்லை. காப்புறுதி ஆளான உமக்கு இது விளங்க வேண்டும்.

நான் அண்ணியைக் குழந்தைப்பிள்ளை போலக் கூட்டிக்கொண்டு ஒழுங்கை முனையில் இருக்கிற டொக்டரிடம் போனேன். அவர் நெஞ்சைச் சோதித்து, பயப்பட ஒன்றும் இல்லை என்றார். "எந்த வீடு?" என்று கேட்டார். நான் சொன்னேன். "பழைய வீடு, என்ன?" என்றார். அண்ணாவுக்குச் சொன்னேன், அவன் வெளிறிப்போய், "அப்பாட்டக் கதைக்கிறன்" என்றான், கதைக்கவில்லை, உமக்கு முன்னால் இருந்து சோறு பிசைந்தான். ஆகவே நானே கதைத்தேன். நீர் சொன்னீர், "கொஞ்சம் சுள்ளெண்டிருக்கும். பழகினால் சரி. இனிச் செருப்பைப் போடச் சொல்லு." பிறகு, "சும்மா பெரிசாக்காதை, உன்ர வழக்கமான பகிடி." பிறகுதான் அந்த அம்மாக் கேள்வி.

பகிடி விடுகிறவள் என்பதால் நான் சொல்வது எல்லாம் பகிடி ஆகிவிடுமா? எனக்கு எரிகிறது, மகனே. வயரை விட மோசமாக எரிகிறது. உம்மிடம் சாட்டுக்குப் பஞ்சமே இல்லை. முதலில் என் ஓ.எல். பரீட்சை முடியட்டும் என்றீர். பிறகு மழை முடியட்டும், பிறகு கல்யாணம் முடியட்டும், பிறகு நாலாம் சடங்கு முடியட்டும். இப்போது ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வந்து போகட்டுமாம். எல்லாம் முடிந்த பிறகு என்றால் எங்களையும் சேர்த்தா? "வெள்ளைக்காரன் போட்ட வயர், லேசில போகாது" என்கிறீர். வெள்ளைக்காரனே போய்விட்டான், வயருக்கு என்ன வந்தது? "இப்பத்தான் பெயின்ற் அடிச்சது, சுவரை உடைக்கேலாது" என்கிறீர். மாம்பழ நிறம் அருமையாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பின்னணியில் மாலை போட்ட படம் ஒன்று மாட்டினால் இன்னும் எடுப்பாக இருக்கும். யாருடையது என்றுதான் நீர் சொல்ல வேண்டும்.

சுவரை உடைக்கத் தேவையில்லை. நான் கேட்டு விசாரித்துவிட்டேன். சுவருக்கு மேலால் வெள்ளைக் குழாய் ஓட்டி அதற்குள் புது வயர் இழுக்கலாம். பாமன்கடையில் என் சிநேகிதி வீட்டில் அப்படித்தான் செய்தார்கள், வடிவாக இருக்கிறது, வடிவில்லாவிட்டாலும் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள். முழு வீட்டையும் ஒரே தரத்தில் செய்யச் சொல்லவில்லை. முதலில் ட்ரிப்பை அதன் வேலையில் திரும்ப அமர்த்தும். அதோடு பின் வளவில் எர்த் கோல் ஒன்று மண்ணுக்குள் ஆழமாக இறக்க வேண்டும், எங்கள் கால்களுக்கு ஓய்வு கொடுக்க. பிறகு தண்ணி புழங்குகிற இடங்கள்: குசினி, குளியலறை, பின் விறாந்தை. அங்கே உருண்டைத் துளைகளைக் கழற்றிச் சதுரப் பொயின்ற், ஹீட்டருக்கும் மெஷினுக்கும் தனித்தனி லைன். அடப்டரும் மல்டி பிளக்கும் குப்பைக்கு. அறைகள் ஆறுதலாக, ஒவ்வொன்றாக. செய்கிறவர் உரிமம் உள்ளவராக, முடிந்ததும் அளந்து சோதித்துக் காட்டுகிறவராக இருக்க வேண்டும். அப்படிச் செய்தும் ட்ரிப் விழுந்தால் அதன் தலையைத் தட்டாமல் ஏன் என்று கேளும். என்னைத் தட்டாமல் கேட்டிருக்க வேண்டியது போல.

இனி, நீர் கந்தோரில் வேலைக்கு இடையில் இதை வாசித்துவிட்டு அம்மாவுக்குப் போன் எடுத்து, "அவளின்ர போனைப் பறி" என்று சொல்வீர் என்பதால் கடைசி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இப்போது கரண்ட் இல்லை. கரண்ட் கட் இல்லை. முன் வீட்டில் ரீவி ஓடுகிறது, ஜெனரேற்றர் இல்லாமலே. காலையில் நான் இந்தக் கடிதத்தில் இதுவரை எழுதியதை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். ட்ரிப் கதை, செருப்புக் கதை, எல்லாம். அவ அதுவரைக்கும் தன்னுடைய பிழை என்றே நினைத்துக்கொண்டிருந்தா. கேட்டு முடிந்ததும் கட்டிலுக்குக் கீழே குனிந்து பச்சைச் செருப்பை எடுத்துக் காலில் போட்டுக்கொண்டு, நேரே மெயின் பெட்டியடிக்குப் போய், மெயின் சுவிட்சை இறக்கினா. நான் இல்லை. உம்முடைய மருமகள். "இனி ட்ரிப்பைத் திரும்பப் பூட்டி வேலை செய்ய வைச்ச பிறகுதான் இதைத் தூக்கிறது. மாமாவுக்கு அப்பிடியே எழுதும்" என்றா. அம்மா விசிறியை எடுத்துக்கொண்டு முன் விறாந்தையில் போய் இருந்து, "நான் ஒண்டும் காணேல்லை" என்றா. ஆனால் பெட்டியைப் பூட்டிய திறப்பு அவவின் சீலைத் தலைப்பில் முடிந்திருக்கிறது.

ஃப்ரீசரில் நீர் ஆசையாக வாங்கி வைத்த அறக்குளா மீன் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு. அது பின்னேரம் வரைக்கும் தாங்கும் என்று அம்மா சொல்கிறா. அதற்குப் பிறகு இந்த வீட்டில் இரண்டாவது உருக்கல் நடக்கும். இந்த முறை பொன் இல்லை.

போனில் பற்றறி சிவப்பாகிவிட்டது, சார்ஜ் போட வழியில்லை. தாய் வேஷத்தையும் கழற்றிவிடுகிறேன், அப்பா. நேற்று நீங்கள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து எனக்குத் திருநீறு பூசினீர்கள். அப்போதும் என் கண் பின் விறாந்தையில்தான் இருந்தது. நீங்கள் காணவில்லை. அந்தக் காப்புச் சத்தம் இன்னும் காதுக்குள் நிற்கிறது. அது அண்ணியின் கையாக இருந்தது. நாளைக்கு அம்மாவின் கையாக இருக்கலாம், தயிர் எடுக்கப் போகிற உங்கள் கையாக இருக்கலாம். எனக்கு உங்களுக்கு அம்மாவாக இருக்க விருப்பம் இல்லை. காலி வீதியில் என் கையைப் பிடிக்கிற ஆள் வேண்டும், பெடியன்கள் பார்த்தாலும் பரவாயில்லை.

பின்னேரம் வரும்போது மெழுகுதிரி வாங்கி வராதேங்கோ. பாஸைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று அவருக்குச் சொல்லுங்கோ.

உங்கள் மகள்